பத்து யோஜனை

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

நாமக்கல்லில் எழுந்தருளியிருக்கும் ஆஞ்சநேயர் திருமேனி 18 அடி உயரம், ஒரே கல். மேலே விமானம் கிடையாது. வெயிலும் மழையும் நேரே திருமுடியில் விழும். கூப்பிய கையோடு, எதிரே குன்றின் அடியில் குடைவரைக்குள் வீற்றிருக்கும் நரஸிம்மனையே நோக்கி நிற்கிறார். சேலத்திலிருந்தும் கரூரிலிருந்தும் திருச்சியிலிருந்தும் வருகிறவர்கள் அவருடைய உயரத்தை அண்ணாந்து பார்த்து வியப்பார்கள், வடைமாலை ஸேவிப்பார்கள், திரும்புவார்கள். நாமும் பல ஆண்டுகள் அவ்வளவோடு திரும்பியவர்களே.

இவ்வூர் ஸ்தல புராணம் வேறொன்றைச் சொல்கிறது. கண்டகி நதியிலிருந்து ஒரு சாளக்கிராமத்தை எடுத்துக்கொண்டு ஆகாச மார்க்கமாக வந்த திருவடி, கமலாலயத் தீர்த்தத்தில் நீராட இறங்கினார். அங்கே தவம் செய்துகொண்டிருந்த தாயாரிடம் அதைக் கொடுத்துப் போனார். குறித்த நேரத்தில் திரும்பவில்லை. தாயார் அதைக் கீழே வைத்துவிட்டாள். அது மலையாக வளர்ந்துவிட்டது. வந்தவர் தூக்கிப் பார்த்தார். முடியவில்லை. மூலிகை மலையைப் பெயர்த்துக்கொண்டு கடலைத் தாண்டிய கை, தானே ஏந்தி வந்த கல்லின் முன்பு தோற்றது. அதற்குப் பிறகு கூப்பிய கைதான் இன்று நாம் ஸேவிப்பது.

அதைக் கூப்பும்போது அவர் மனத்தில் என்ன இருந்திருக்கும்? 'எனக்கு வலிமையே இல்லை' என்று நினைத்தாரா? 'இது என்னால் தூக்கக்கூடியதன்று' என்று நினைத்தாரா? இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும், ஒன்றல்ல. இவ்வேறுபாட்டை நாம் கற்றுக்கொண்டது புத்தகத்திலிருந்து அன்று, நம் குற்றத்திலிருந்து.

இந்தச் சமவெளியில் ஒரு சிற்றூரில் வயதான அத்யாபக ஸ்வாமி ஒருவர் நெடுங்காலம் ஸந்தை சொல்லிவந்தார். கண் மங்கி, மூச்சு வாங்கத் தொடங்கியபோது நம்மை அழைத்து, 'குழந்தைகளுக்கு நீர் சொல்லும். அடியேன் திண்ணையில் உட்கார்ந்து கேட்கிறேன்' என்றார். நாம் தண்டன் ஸமர்ப்பித்து, 'அடியோங்களுக்கு அந்த யோக்யதை ஏது? தேவரீர் இருக்கிறபோது நாங்கள் வாய் திறப்பதா?' என்றோம். கூட இருந்தவர்கள் நம் விநயத்தைப் புகழ்ந்தார்கள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த தை மாதத்துக்குள் திருநாடு அலங்கரித்தார். ஸந்தை நின்றது. அங்கே வந்துகொண்டிருந்த ஏழெட்டுக் குழந்தைகள் இன்று எங்கெங்கோ இருக்கிறார்கள்.

நாம் சொன்னதில் ஒரு சொல்லும் பொய் இல்லை என்றுதான் அன்று நம்பினோம். யோக்யதை இல்லாதது மெய்தான். ஆனால் அந்த மெய்யை நாம் எதற்குப் பயன்படுத்தினோம்? ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் போய்விடுமே என்ற கணக்கும், தப்பாகச் சொன்னால் பெரியவர் முன்பு நாணவேண்டுமே என்ற பயமும் அதன் பின்னால் பதுங்கியிருந்தன. ஆழ்வார்களும் ஆசார்யர்களும் எம்பெருமான் திருமுன்பே நெஞ்சுருகிச் சொன்ன சொல்லை, வேலைக்கு அழைத்த ஒருவரிடம் தப்பித்துக்கொள்ளும் சாக்காக எடுத்தோம். நைச்யாநுஸந்தானம் என்பது நம் ஸம்ப்ரதாயத்தின் பெருஞ்செல்வம். அதைப் போலக் கள்ள நாணயம் அடிக்க எளிதானதும் வேறொன்று இல்லை.

ஸ்ரீராமாயணத்தில், கிஷ்கிந்தா காண்டத்தின் கடைசியில், இதற்கு நேர் எதிரான ஒரு காட்சி இருக்கிறது. ஸுந்தர காண்டத்துக்கு விரையும் அவசரத்தில் பலரும் தாண்டிப்போகிற இடம். கடல் எதிரே கிடக்கிறது, நூறு யோஜனை. யார் எவ்வளவு தாண்டுவீர்கள் என்று அங்கதன் கேட்கிறான். கஜன் எழுந்து பத்து யோஜனை என்கிறான். கவாக்ஷன் இருபது. கந்தமாதனன் ஐம்பது, மைந்தன் அறுபது, த்விவிதன் எழுபது, ஸுஷேணன் எண்பது. ஜாம்பவான், த்ரிவிக்ரமன் உலகளந்தபோது வலம் வந்த பழைய வலிமையை நினைவுகூர்ந்து, இப்போது வயதாகிவிட்டது, தொண்ணூறு என்கிறார். அங்கதன், 'நூறும் தாண்டிவிடுவேன். திரும்பி வர முடியுமா என்பதில் ஐயம்' என்கிறான்.

நூறு தேவைப்படுகிற இடத்தில் பத்து என்று சொன்ன கஜனை நினைத்துப் பார்க்கிறோம். அவனுடைய பத்தினால் காரியம் நடக்காது. அது அவனுக்கும் தெரியும். பேசாமல் இருந்திருக்கலாம். 'அடியேனால் என்ன ஆகும்' என்று பொதுவாகச் சொல்லி மதிப்போடு உட்கார்ந்திருக்கலாம். நாற்பது என்று கூட்டியும் சொல்லியிருக்கலாம். அங்கே அளந்து பார்க்கப்போகிறவர் யார்? பத்து என்றான். அவரவர் அளவை அவரவர் வாயால் சொன்ன பிறகுதான் எவ்வளவு குறைகிறது என்பது சபைக்கு விளங்கிற்று. அதன் பிறகே, ஒரு பக்கமாகப் பேசாமல் உட்கார்ந்திருந்தவரிடம் ஜாம்பவான் போனார். அந்த ஒருவர் தம் அளவைத் தாமே அறியாதிருந்தார். பிறர் சொல்லித்தான் எழுந்தார். குறையைத் தானே அறிவது கடினம் என்பார்கள். நிறைவைத் தானே அறிவது சிலருக்கு அதைவிடக் கடினமாக இருக்கிறது.

நம்மாழ்வார் திருவாக்கிலும் இரண்டு ஓசையும் கேட்கிறோம். திருவாய்மொழி 3.3.4-ல், நித்யஸூரிகளுக்குத் தலைவன் என்று சொன்னால் திருவேங்கடமுடையானுக்கு அது ஒரு பெருமையா, ஒன்றுமற்ற என்னிடத்தில் அன்றோ அவன் அன்பு வைத்தான் என்கிறார். 4.5.8-ல், இனிய கவி பாட வல்ல தமக்கு வானுலகிலும் ஒப்பார் உண்டோ என்கிறார். முன்னதை மட்டும் எடுத்துக்கொண்டு ஆழ்வார் பணிவே வடிவானவர் என்று உபந்யாஸம் செய்வது நமக்குப் பழகிவிட்டது. பின்னதைப் பணிவு தவறிய இடம் என்று யாரும் சொல்லத் துணியார். இரண்டும் ஒரே கண்ணால் பார்த்தவை. தாம் வைத்திருப்பது தம்முடையதன்று என்று தெரிந்தவருக்கு, அது எவ்வளவு என்று சொல்லக் கூச்சம் எதற்கு? 7.9-ல், தம் நாவில் புகுந்து தன்னைத் தானே பாடிக்கொண்டவன் அவன் என்கிறார் அல்லவா? கஜானாவைக் காக்கிறவன் பெட்டியில் ஒன்றுமில்லை என்று சொன்னால் அதைப் பணிவு என்று எந்த அரசன் ஏற்பான்?

குறையை நினைப்பதற்கும் ஓர் எல்லை உண்டு. 1.5-ல் ஆழ்வார் தம் அயோக்யதையை நினைத்து, தாம் கிட்டினால் எம்பெருமானுக்கு இழுக்கு என்று விலகப் பார்க்கிறார். அவரை அப்படியே விட்டுவிட எம்பெருமானுக்கு மனமில்லை. தன் சீலத்தைக் காட்டி மீட்டுக்கொள்கிறான். நம் பூர்வர்கள் இதை விரித்துரைக்கும்போது, விலகுவதால் இழப்பு ஆழ்வாருக்கு மட்டுமன்று, எம்பெருமானுக்கும் என்று காட்டினார்கள். பிள்ளை லோகாசார்யரும், தன் தோஷத்தை நினைப்பது அச்சத்துக்கும், பகவானுடைய குணத்தை நினைப்பது அச்சம் தீர்வதற்கும் என்று வகுத்து, இவை இடம் மாறினால் அறியாமையே மிஞ்சும் என்று ஸ்ரீவசனபூஷணத்தில் அருளினார். திண்ணையில் நமக்கு இடம் மாறிப்போயிருந்தது. பெரியவர் அழைத்தது அவன் குணம் நம்மிடம் நீட்டிய கை. நாம் அதைக் கண்டு அஞ்சினோம்.

நாமக்கல்லைப் பற்றிப் பேசும்போது கணிதமேதை ஸ்ரீநிவாஸ ராமானுஜனை நினைக்காமலிருக்க முடியாது. அவர் குடும்பத்துக்கு நாமகிரித் தாயார் குலதெய்வம். தாயார் கனவில் ஸூத்ரங்களைக் காட்டினாள் என்று அவரே சொன்னதாகச் சென்னை நண்பர்கள் எழுதினார்கள். கேம்ப்ரிட்ஜில் அவரோடு பணியாற்றிய ஹார்டியோ, அவருக்கு அவ்வளவு ஆழ்ந்த ஸமயப்பற்று இருந்ததாகத் தாம் கருதவில்லை என்ற கருத்தில் எழுதினார். நம்மவர்கள் முன்னதை மட்டும் சொல்லி மகிழ்கிறோம். நமக்குப் பிடித்த ஸாக்ஷியை மட்டும் அழைப்பதும் ஒருவகையில் நாற்பது யோஜனை என்று கூட்டிச் சொல்வதுதான். ஆகவே கனவை ஒருபுறம் வைத்து, அவர் கைப்பட எழுதியதைப் பார்ப்போம்.

1913 ஜனவரி 16 அன்று சென்னைத் துறைமுகக் கணக்குப் பிரிவிலிருந்து ஹார்டிக்கு எழுதினார். தாம் ஆண்டுக்கு 20 பவுன் ஊதியம் பெறும் குமாஸ்தா என்றார். பல்கலைக்கழகக் கல்வி தமக்கு இல்லை என்றார். கும்பகோணத்திலும் சென்னையிலும் எஃப்.ஏ. தேறாதவர் அவர். அதே மூச்சில், தமக்கென்று ஒரு புதிய வழி வகுத்துக்கொண்டிருப்பதையும், அதன் பலன்களை உள்ளூர்க் கணித அறிஞர்கள் வியப்பதையும் சொன்னார். கூடவே தேற்றங்கள் நிறைந்த தாள்கள். பிப்ரவரியில் எழுதிய அடுத்த கடிதத்தில், தாம் அரைப்பட்டினி கிடப்பவர், மூளை வேலை செய்ய முதலில் உணவு வேண்டும் என்று மறைக்காமல் எழுதினார். தமக்கு இல்லாதது இன்னது, தம்மிடம் உள்ளது இன்னது, வேண்டுவது இன்னது என மூன்றும் அந்தக் கடிதங்களில் இருக்கின்றன. கெஞ்சலும் இல்லை, மிடுக்கும் இல்லை.

அனுப்பியவற்றில் சில முன்பே பிறர் கண்டவை. பகா எண்களைப் பற்றிச் சொன்னவற்றில் பிழை இருந்தது. ஐரோப்பாவில் வளர்ந்திருந்த ஒரு கணிதத் துறை அவரை எட்டாததே காரணம் என்று ஹார்டி பின்னாளில் விளக்கினார். ராமானுஜன் 1914-ல் கப்பலேறிப் போய்க் கற்கவேண்டியதைக் கற்றார். 1918-ல் ராயல் சொஸைட்டியின் உறுப்பினரானார். 1920-ல் 32 வயதில் மறைந்தார். எஃப்.ஏ. தேறாதவனுக்கு கேம்ப்ரிட்ஜ் ஆசிரியருக்கு எழுத யோக்யதை ஏது என்று துறைமுக மேஜையிலேயே அவர் விநயம் காத்திருந்தால்? அந்தக் கேள்வியை நம்மால் எளிதில் கடந்து போக முடியவில்லை. திண்ணைக்கு வந்த ஏழெட்டுப் பேரில் யாருக்கு எது வாய்த்திருந்ததோ, நமக்குத் தெரியாது.

கொங்கு நாட்டில் ஆழ்வார்களின் மங்களாசாஸனம் பெற்ற திருப்பதி ஒன்றும் இல்லை. நூற்றெட்டைச் சொல்லி வரும்போது நம் பகுதியின் பெயர் வராது. இதை மறைக்கவேண்டியதில்லை, ஆழ்வார் மனத்தால் பாடினார் என்று கதை கட்டவும் வேண்டியதில்லை. பாடப்பெறாத இந்தக் குன்றில் அதியர் காலத்துச் சிற்பிகள் நரஸிம்மனையும் த்ரிவிக்ரமனையும் வராஹனையும் குடைந்து வைத்தார்கள். கிழக்கே அரங்கனைப் பள்ளிகொள்ளச் செய்தார்கள். இருந்த கல்லில் வேலை நடந்தது.

சென்ற மார்கழியில் அதே ஊரிலிருந்து ஓர் அம்மையார் நம்மிடம் வந்து, மூன்று குழந்தைகள் இருக்கிறார்கள், ஸந்தை சொல்ல முடியுமா என்று கேட்டார். 'அடியோங்களுக்கு ஏது' என்று நாக்கு பழைய வழியில் புறப்பட்டது. அடக்கிக்கொண்டு எண்ணிப் பார்த்துச் சொன்னோம்: திருப்பல்லாண்டு, திருப்பாவை, கண்ணிநுண்சிறுத்தாம்பு ஆகியவற்றைப் பிழையில்லாமல் சொல்லிக்கொடுப்போம். திருவாய்மொழியில் முதற்பத்து வரை ஸ்வரம் உறுதி. இரண்டாம் பத்தில் தடுமாறுவோம். இயற்பா வராது, அதற்கு ஸ்ரீரங்கத்திலிருந்து யாரையாவது அழைக்கவேண்டும். அம்மையார் ஒவ்வொன்றையும் நோட்டில் குறித்துக்கொண்டு, 'முதற்பத்து முடிய எத்தனை மாதம் ஆகும்?' என்றார். நாம் அதை யோசித்திருக்கவில்லை. வருகிற ஞாயிறு காலை ஏழு மணிக்கு, அதே திண்ணையில் தொடங்குகிறோம்.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்