முதலை விழுங்கிய பிள்ளை

பையன் கேனைத் திறந்ததும் நான் முதலில் மோந்துதான் பார்த்தேன். சாயப்பட்டறைக்காரன் புத்தி. பெரிய வாடை எதுவும் இல்லை. பார்வைக்கு ஆறிப்போன கடுங்காப்பி.

"கிராபீன் ஆக்ஸைடுங்ணா. தண்ணியில கலக்கி வச்சிருக்கேன். பனியன் துணியில ஏத்திக் குடுத்தீங்கன்னாப் போதும்."

கோயம்புத்தூரில் எம்.டெக். படிக்கிறவன். ரேடார், செல்போன் எல்லாம் ஓடுகிற மைக்ரோவேவ் அலையைக் குடித்துவிடுகிற துணி வேண்டுமாம் அவனுக்கு. லேபில் 27 வருஷமாக ஷேடு பிடிக்கிற எனக்கு ஏற்றத் தெரியாத சரக்கா? காட்டன் சிங்கிள் ஜெர்சியில் ஒரு துண்டு வெட்டி, முக்கி, பேடரில் பிழிந்து, காயவைத்து, மறுபடி முக்கி, ஐந்து தடவை. இனி இதிலிருக்கிற ஆக்ஸிஜனைப் பிடுங்க வேண்டும் என்று ஏதோ புது மருந்தின் பெயரைச் சொன்னான். நான் ஹைட்ரோஸ் டப்பாவை எடுத்து நீட்டினேன். வேட் சாயத்துக்கு நாங்கள் போடுகிற அதே ஹைட்ரோஸ். சுடுதண்ணீரில் அதைப் போட்டுத் துணியை இறக்கியதும், மூக்கைக் கிள்ளுகிற கந்தக நெடிக்கு நடுவே பழுப்பு மெல்ல சாம்பலாகி, சாம்பல் கருத்தது. காய்ந்த துண்டில் மல்டிமீட்டரின் இரண்டு முள்ளையும் வைத்தான். பனியன் துணியில் கரண்ட் ஓடியது!

பென்சிலில் இருக்கிற கிராபைட்தான் இதற்கெல்லாம் தாய். நம் சிவகங்கையில் டாமின் தோண்டி எடுக்கிறதே, அதே கிராபைட். அதை ஒரே ஒரு அணு கனத்துக்கு உரித்தால் கிராபீன். 2004-இல் மான்செஸ்டரில் ஆண்ட்ரே கெய்ம், கான்ஸ்டன்டின் நோவோசெலோவ் என்ற இருவர் ஒட்டு டேப்பை வைத்தே உரித்துக் காட்டி, 2010-இல் நோபல் வாங்கினார்கள்.

எனக்கு அதிலெல்லாம் ஆச்சரியம் அதிகமில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "குடிக்குதுங்கறியே, குடிச்சது எங்க போவுது?"

"சூடாப் போயிருதுங்ணா. அலை உள்ள வந்ததும் எலக்ட்ரான் எல்லாம் ஓடும், ஓடுற வழியில உரசிச் சூடாகும்."

நான் சும்மா கேட்கவில்லை. நொய்யலில் சாயத்தண்ணீர் விட்ட தலைமுறை நாங்கள். ஆறு குடித்துவிடும் என்று நினைத்தோம். பாசனத்துக்காக 1992-இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் போய் நின்றது அத்தனையும். கீழே இருந்த குடியானவர்கள், அணை திறந்தால் பயந்தார்கள். 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னபோது வீட்டில் உட்கார்ந்திருந்தவர்களில் நானும் ஒருவன். இப்போது ஒரு சொட்டு வெளியே விடுவதில்லை. ஆர்.ஓ., எவாபரேட்டர் எல்லாம் தாண்டிக் கடைசியில் கலவை உப்பு மிஞ்சுகிறது. மூட்டை மூட்டையாக ஷெட்டில் கிடக்கிறது. எதில் சேர்த்தாலும் அது அதுவாகவே இருக்கிறது.

பக்கத்திலேயே அவிநாசி. அழியாதது என்பதுதான் அந்தப் பெயருக்குப் பொருள். குளத்தில் முதலை விழுங்கிய ஐந்து வயசுப் பிள்ளையைச் சுந்தரர் பாடி மீட்ட ஊர். சின்னதில் கேட்டபோது, பிள்ளை உயிரோடு வந்தானே என்பதுதான் எனக்கு அதிசயம். இப்போது வேறொன்று உறுத்துகிறது. போன அதே பிள்ளையாக அவன் வரவில்லை. இடையில் கழிந்த வருஷங்களுக்கான வளர்த்தியோடு வந்தான். முதலை வயிற்றுக்குள்ளும் யாரோ கணக்கு எழுதிக்கொண்டிருந்திருக்கிறார்கள். உள்ளது இல்லாமல் போகாது என்று சைவ சித்தாந்தம் சொல்கிற சற்காரியவாதத்தை எனக்குப் புரியவைத்தது அந்த முதலைதான்.

பையன் சொன்ன இன்னொன்று தூக்கத்தைக் கெடுத்தது. கிராபீனைக் கூடக்கூட ஏற்றினால் துணி கூடக்கூடக் குடிக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லையாம். கரண்ட் ரொம்ப நன்றாக ஓட ஆரம்பித்தால் அது தகரம் மாதிரி ஆகி, வந்த அலையை வாசலிலேயே திருப்பி அடித்துவிடுமாம். குடிக்க வேண்டுமென்றால், இன்னும் காற்றில்தான் போகிறோம் என்று அலை நம்பி உள்ளே வரவேண்டும். அதற்காகத்தான் கிராபீனோடு இரும்பு ஆக்ஸைடுத் தூள் மாதிரி காந்தச் சரக்கைக் கலக்கிறார்கள். திரும்புவது பத்து டெசிபல் குறைந்தால் பத்தில் ஒன்பது பங்கு உள்ளே போனதாகக் கணக்கு. இருபது குறைந்தால் நூற்றுக்கு 99.

என்னைப் பொறுமைசாலி என்பார்கள். ஷேடு அடித்துப்போய் லாட் திரும்பி வந்தால் மெர்ச்சண்டைசர் கத்துகிற கத்தலுக்கு "சரிங்க சார்" தவிர வேறு வார்த்தை என் வாயில் வந்ததில்லை. அதைப் பொறை என்று எனக்கு நானே பெயர் வைத்திருந்தேன். ஒருநாள் ராத்திரி, குழம்பில் உப்பு என்று நான் தட்டைத் தள்ளியபோது வீட்டுக்காரி மெதுவாகச் சொன்னாள்: "அங்க வாங்குனத இங்க கொண்டாந்து கொட்டறீங்க."

தகரம். 27 வருஷமும் தகரம். வந்த திசை வேறு, திரும்பிய திசை வேறு, அவ்வளவுதான்.

அப்படியானால் நிஜமாகவே குடித்தவர் யார்? ஆலகாலத்தை வாங்கிய நீலகண்டனை எடுத்துக்கொள்ளுங்கள். உமையாள் கழுத்தைப் பிடித்ததால் அது கீழே இறங்கவில்லை. அவரும் வெளியே உமிழவில்லை. கடவுளாலேயே அதை இல்லாமல் செய்ய முடியவில்லை. இடம் பார்த்து வைத்தார். அந்த நீலத்தை அழகு என்று கும்பிடுகிற நாம், தொண்டை எரிந்ததா என்று ஒருதரமாவது கேட்டோமா? ஆற்றிடமும் கேட்கவில்லை. வீட்டுக்காரியிடமும்தான்.

போன வாரம் பையன் போன் செய்தான். மூன்று முக்குப் போட்ட துண்டுதான் நன்றாக இருக்கிறதாம், ஐந்து முக்கு திருப்பி அடிக்கிறதாம். மிச்சமிருந்த ஐந்து முக்குத் துண்டை வீட்டுக்குக் கொண்டுபோய் அடுப்பு மேடையில் வைத்திருந்தேன். காலையில் அவள் அதை எடுத்து இரண்டாக மடித்துப் பால் சட்டியை இறக்கினாள். பாதியிலேயே படக்கென்று கீழே வைத்தாள்.

"ஏனுங்க, இது கரித்துணிக்குக்கூட ஆவாது. சூடெல்லாம் கைக்கு வருது."