சிவப்பைக் காட்டியவர்

பொதுக்காலம் 30-ஆம் ஞாயிறு (மூன்றாம் ஆண்டு)
நற்செய்தி: லூக்கா 18:9-14



இன்றைய நற்செய்தியில் கோவிலுக்குப் போன பரிசேயர் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. வாரத்தில் இருமுறை நோன்பிருந்தது உண்மை. வருவாயில் பத்தில் ஒரு பங்கு கொடுத்ததும் உண்மை. ஆனால் அவர் ஒப்பித்த கணக்கில் குறை என்று ஒரு வரிகூட இல்லை. தொலைவில் நின்ற வரிதண்டுபவரிடம் குறையைத் தவிர வேறெதுவும் இல்லை. அதையே கடவுள்முன் வைத்தார். ஏற்புடையவராகி வீடு திரும்பியவர் அவரே.

இந்த உவமையை வாசிக்கும்போதெல்லாம் அமெரிக்காவில் நடந்த ஓர் அலுவலகக் கூட்டம் என் நினைவுக்கு வரும்.

ஆலன் முலாலி ஒரு பொறியாளர். 1969-இல் போயிங் விமான நிறுவனத்தில் சேர்ந்து 37 ஆண்டுகள் அங்கேயே உழைத்தவர். 777 விமானத்தை உருவாக்கும் பணிக்குத் தலைமை தாங்கியவர். 2006 செப்டம்பரில் ஃபோர்டு அவரைத் தலைமைப் பொறுப்புக்கு அழைத்தது; நம் மறைமலைநகரில் ஆலை வைத்திருந்த அதே ஃபோர்டுதான். அந்த ஓராண்டில் மட்டும் அந்த நிறுவனத்துக்கு 1,200 கோடி டாலருக்கு மேல் நட்டம். விமானம் கட்டியவருக்குக் கார் தொழில் என்ன தெரியும் என்ற முணுமுணுப்பு வேறு.

அவர் போயிங்கிலிருந்து ஒரு பழக்கத்தைக் கையோடு கொண்டுவந்திருந்தார். வியாழன்தோறும் காலையில் மூத்த அதிகாரிகள் எல்லாரும் கூடித் தங்கள் பிரிவின் நிலையை வண்ணத்தில் காட்ட வேண்டும்: சரியாக நடந்தால் பச்சை, தடுமாறினால் மஞ்சள், சிக்கல் என்றால் சிவப்பு. முதல் சில வாரங்கள் வந்ததெல்லாம் பச்சை. இத்தனை கோடி நட்டத்தில் இருக்கிறோமே, சரியில்லாதது ஒன்றுமே இல்லையா என்று கேட்டார் முலாலி. யாரும் வாய் திறக்கவில்லை. குறையைச் சொன்னால் வேலைக்கே உலை வைக்கும் என்று பயந்து பழகியவர்கள் அவர்கள்.

பிறகு ஒரு வாரம் மார்க் ஃபீல்ட்ஸ் என்ற அதிகாரி சிவப்பைக் காட்டினார். கனடாவின் ஓக்வில் ஆலையில் தயாரான 'எட்ஜ்' என்ற புதிய காரில் ஒரு கோளாறு; வண்டிகளை அனுப்பாமல் நிறுத்திவைத்திருந்தார். இதோடு இவர் கதை முடிந்தது என்றே மற்றவர்கள் எண்ணினார்கள். முலாலி கைதட்டினார். இவருக்கு யார் உதவுவீர்கள் என்று கேட்டார். ஒருவர் பின் ஒருவராக உதவ முன்வந்தார்கள். போகப் போக மற்றவர்களுடைய தாள்களிலும் மஞ்சளும் சிவப்பும் தலைகாட்டின. 2009-இல் ஜெனரல் மோட்டார்ஸும் கிரைஸ்லரும் திவாலாகி அரசின் மீட்புப் பணத்தால் எழுந்தபோது, ஃபோர்டு அந்தப் பணம் இல்லாமலே தாக்குப்பிடித்தது. 2014-இல் முலாலி விடைபெற்றபோது அவர் நாற்காலியில் அமர்ந்தவர், சிவப்பைக் காட்டிய அதே ஃபீல்ட்ஸ்.

முலாலியைப் புனிதராக்க நான் இதைச் சொல்லவில்லை. அவர் தலைமை தாங்கிய காலத்தில் போயிங், ஃபோர்டு இரு நிறுவனங்களிலும் பல்லாயிரம் பேர் வேலையிழந்தார்கள். அந்தக் குடும்பங்களின் கண்ணீருக்கும் கணக்கு உண்டு. நான் உங்கள் கவனத்துக்குக் கொண்டுவருவது அந்தக் கைதட்டலை மட்டுமே.

வரிதண்டுபவர் ஏன் கோவிலுக்கு வந்தார்? கண்ணை உயர்த்தவும் துணியாதவர் வீட்டிலேயே இருந்திருக்கலாமே! கோவிலில் இருப்பவர் இரங்குவார் என்று நம்பினார். அதனால்தான் வந்தார், உண்மையைச் சொன்னார். அடி விழும் என்று தெரிந்த இடத்தில் யார் குறையைச் சொல்வார்கள்? கடவுளின் இரக்கம் முந்திக்கொள்கிறது. நம் உண்மை அதன் பின்னால்தான் வருகிறது.

நம் வீடுகளுக்கு வருவோம். மகள் கணக்கில் தோற்ற விடைத்தாளைப் புத்தகத்துக்குள் ஒளிக்கிறாள். கணவர் கைப்பேசி வழியாக வாங்கிய கடனை மறைக்கிறார். வட்டிகட்ட இன்னொரு கடன் வாங்குகிறார். அன்பியக் கூட்டத்தில் விசாரித்தால், "ஆண்டவர் புண்ணியத்துல நல்லா இருக்கோம் ஃபாதர்." எல்லாம் பச்சை! ஏன் மறைத்தாய் என்று பிறகு சத்தம் போடுகிறோம். இதற்குமுன் ஒருநாள் அவர்கள் வாய் திறந்தபோது நாம் சொன்ன முதல் வார்த்தை என்ன? அதை யோசித்துப் பார்த்தால் மறைத்ததற்குக் காரணம் பாதி விளங்கிவிடும். பங்கிலும் அப்படித்தான். ஒருவர் தடுக்கி விழுந்த செய்தி, உதவி போய்ச் சேருமுன் தெரு முழுக்கப் போய்விடுகிறது.

ஆகவே இந்த வாரத்துக்கு இரண்டு காரியங்கள். ஒன்று, ஒப்புரவு அருளடையாளத்துக்கு வாருங்கள். மனப்பாடமான பட்டியலை விட்டுவிட்டு, நெடுநாளாகத் தள்ளிப்போட்ட அந்த ஒன்றைச் சொல்லுங்கள். இரண்டு, வீட்டில் யாராவது தம் குறையைச் சொல்ல வந்தால், திட்டுவதற்கு முன், "சொன்னியே, அதுவே பெரிசு. நான் என்ன செய்யணும்?" என்று கேளுங்கள்.

ஆண்டவர் நம்மை ஏற்றுக்கொள்வதுபோல நாமும் ஒருவரை ஒருவர் ஏற்றுக்கொள்ளும் வரத்துக்காக இந்தத் திருப்பலியில் மன்றாடுவோம். ஆமென்.