தவறான காரணம், சரியான ஜன்னல்

பிளாட்டோவின் 'மெனோ' உரையாடலில் சாக்ரடீஸ் ஒரு சிக்கலைக் கிளப்புகிறார். லாரிசா ஊருக்கு வழி தெரிந்தவர் ஒருவர். அந்தப் பக்கமே போகாமல், வழியைச் சரியாக ஊகித்துச் சொல்பவர் இன்னொருவர். யார் பின்னால் போனாலும் ஊர் வந்துவிடும். பிறகு அறிவுக்கு மட்டும் என்ன தனி மதிப்பு? தத்துவ வகுப்புகளில் இன்றும் அலசப்படும் இந்தக் கேள்விக்கு, மருத்துவமனை வார்டுகளின் ஜன்னலில் ஒரு சோதனையே நடந்து முடிந்திருக்கிறது.

ஊகித்தவர்களின் வரிசையில் முதலில் நிற்பவர் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல். கிரிமியப் போரின்போது ஸ்குட்டாரி ராணுவ மருத்துவமனையில், 1855 பிப்ரவரியில் நோயாளிகளில் நூற்றுக்கு 40 பேருக்கும் மேல் இறந்துகொண்டிருந்தார்கள். மார்ச்சில் வந்த சுகாதாரக் குழு சாக்கடைகளைக் கழுவியது, வார்டுகளுக்குள் காற்று வர வழி செய்தது. ஜூனில் இறப்பு நூற்றுக்கு ஏறக்குறைய 2 ஆகக் குறைந்தது. இதில் சாக்கடைக்கு எவ்வளவு பங்கு, ஜன்னலுக்கு எவ்வளவு என்று இன்றைக்குப் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் நைட்டிங்கேலுக்குச் சந்தேகமே இல்லை. 1859இல் வெளிவந்த அவருடைய செவிலியர் கையேட்டின் முதல் அத்தியாயமே காற்றோட்டம்தான். லண்டனில் 1871இல் திறந்த செயின்ட் தாமஸ் மருத்துவமனை அவர் வலியுறுத்திய வடிவில் எழுந்தது: நீண்ட வார்டு, உயர்ந்த கூரை, இரு பக்கச் சுவரிலும் எதிரெதிரே ஜன்னல்கள்.

காரணம் கேட்டால்தான் வம்பு. அழுகலிலிருந்து எழும் கெட்ட காற்றே நோயைப் பிறப்பிக்கிறது என்று அவர் நம்பினார். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுகிறது என்பதை அன்று ஏற்கவில்லை. மியூனிக்கின் சுகாதார அறிஞர் மாக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபரும் ஏறத்தாழ அதே கட்சி. கிருமி மட்டும் தனியாக நோய் தராது என்று காட்ட, 1892இல் காலராக் கிருமி வளர்த்த திரவத்தை எல்லாரும் அறியக் குடித்தவர் அவர். பிழைத்தும் கொண்டார். அறையின் காற்று கெட்டுவிட்டதா என்று அறிய கரியமில வாயுவை அளக்கலாம், பத்து லட்சத்தில் 1000 பங்கைத் தாண்டக் கூடாது என்று 1858இலேயே வரம்பு வைத்தவரும் இவரே. கட்டடப் பொறியாளர்கள் இன்றும் அந்த எண்ணை விடவில்லை.

அதாவது, இருவரும் லாரிசாவுக்குச் சரியாகவே வழி சொன்னார்கள். சாக்ரடீஸ் அடுத்துச் சொல்வதுதான் முக்கியம்: காரணத்தால் கட்டிப்போடாத சரியான கருத்து நிலைத்து நிற்காது, ஓடிப்போய்விடும். காற்றோட்டம் அப்படித்தான் ஓடிப்போனது. கிருமிக் கொள்கை வென்றதும் கெட்ட காற்றுக் கொள்கை கேலிக்கு ஆளானது. அமெரிக்கச் சுகாதார அதிகாரி சார்லஸ் சேப்பின் 1910இல் எழுதிய நூல், பெரும்பாலான தொற்றுகள் நேரடித் தொடுகையால்தான் வருகின்றன, காற்றைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை என்றது. காரணம் போனது, அதன் பின்னாலேயே ஜன்னலும் போனது.

தாம்பரத்துக்கும் இதில் பங்கு உண்டு. திறந்தவெளிக் காற்றைச் சிகிச்சையாகவே நம்பிய மருத்துவர் சௌரி முத்து, 1928இல் அங்கே காசநோய் சானடோரியம் தொடங்கினார். மின்ரயில் நிலையத்தின் பெயரில் அது இன்றும் இருக்கிறது. 1959இல் சென்னைக் காசநோய் ஆய்வு மையம், நெரிசலான வீட்டிலிருந்தபடியே மருந்து சாப்பிட்டவர்களும் சானடோரியத்தில் தங்கியவர்களைப் போலவே குணமாகிறார்கள் என்று காட்டியது. ஏழைகளுக்கு அது பெரிய விடுதலை. ஆனால் மருந்து போதும் என்றானபின் காற்றை யார் கேட்பார்கள்? அதே ஆண்டுகளில் பால்டிமோரில் ரிச்சர்ட் ரைலியின் குழு, ஆறு படுக்கை காசநோய் வார்டின் காற்றைக் குழாய் வழியே மாடியிலிருந்த கினிப்பன்றிக் கூண்டுகளுக்கு அனுப்பியது. வெறும் காற்றைச் சுவாசித்தே அவற்றுக்குக் காசநோய் வந்தது. இழந்த காரணம் திரும்பக் கிடைத்தும், காசநோய் வட்டத்தைத் தாண்டி அது போகவில்லை. 2020 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனமே கோவிட் காற்றில் பரவுவதில்லை என்று அறிவித்தது.

அதற்கு இரண்டு மாதம் முன்பு, சீனப் புத்தாண்டுக்கு முந்தைய நாள், குவாங்சோவில் ஓர் உணவகத்தில் அடுத்தடுத்த மூன்று மேசைகளில் உட்கார்ந்த மூன்று குடும்பங்களில் பத்துப் பேருக்குத் தொற்று. ஹாங்காங் பேராசிரியர் லி யூகுவோவின் குழு அதே உணவகத்தின் காற்றில் அடையாள வாயுவைக் கலந்து, அது எப்படிப் பரவுகிறது என்று அளந்தது. அந்த அறையின் காற்றோட்டத்தைக் கணினி மாதிரியிலும் ஓட்டிப் பார்த்தது. ஏசி அந்த மூன்று மேசைகளின் காற்றையே சுற்றிச் சுற்றி அடித்துக்கொண்டிருந்தது. வெளிக்காற்று ஆளுக்கு வினாடிக்கு ஒரு லிட்டர் அளவுதான். உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்தது 10 லிட்டர்.

ஆனால் கணினி மாதிரியும் ஒருவகையில் பொய்தான். அறையை லட்சக்கணக்கான சிறு கட்டங்களாக வெட்டி, ஒவ்வொன்றிலும் காற்றின் வேகத்தைக் கணக்கிடுகிறார்கள். சுழல்களை முழுவதும் கணக்கிட முடியாததால் சராசரி போட்டு ஒப்பேற்றுகிறார்கள். தொற்று அபாயத்தைக் கணக்கிடும் வெல்ஸ்-ரைலி சூத்திரமோ, அறைக் காற்று சீராகக் கலந்திருப்பதாக வைத்துக்கொள்கிறது. எந்த அறையிலும் அப்படி இருப்பதில்லை. அப்படியானால் நைட்டிங்கேலின் பொய்க்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? வித்தியாசம் உண்டு. மாதிரி தன் அனுமானங்களை வெளிப்படையாக எழுதி வைக்கிறது. ஒன்று தவறினால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், ஜன்னலையும் சேர்த்து மூட வேண்டியதில்லை. சாக்ரடீஸ் கேட்ட கட்டு இதுதான்.

2007இல் வெளியான பெரு நாட்டு ஆய்வு ஒன்று நைட்டிங்கேலுக்கே சான்றிதழ் தந்தது. லிமா நகர மருத்துவமனைகளில் கரியமில வாயுவை அறைக்குள் விட்டு, ஜன்னலைத் திறந்து, அது எவ்வளவு சீக்கிரம் வெளியேறுகிறது என்று அளந்தார்கள். 1950க்கு முந்தைய உயர்கூரை வார்டுகளில் மணிக்கு 40 முறை காற்று மாறியது. தொற்றுத் தடுப்புக்கென்றே இயந்திரக் காற்றோட்டம் வைத்த அறைகளுக்குச் சொல்லப்படும் அளவோ 12 முறை.

கடும் குளிரில் ஜன்னலை எப்போதும் திறந்து வைக்க முடியாது. புகை மண்டிய சாலையோரத்திலும் யோசிக்க வேண்டும். ஆனால் நம் ஊர் மண்டபங்களிலும் டியூஷன் வகுப்புகளிலும் சுவரில் தொங்கும் ஸ்பிளிட் ஏசி, வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதே இல்லை. உள்ளே இருப்பதைத்தான் குளிர்வித்துத் திருப்பித் தருகிறது. அடுத்த முறை மண்டபம் பேசப் போகிறவர்கள், ஏசி எத்தனை டன் என்பதோடு வெளிக்காற்று எந்த வழியாக வருகிறது என்றும் கேட்கலாம்.