விரல் செய்த வினை

பெருமாநல்லூர் கொண்டத்துக் காளியம்மன் கோயிலில் பங்குனிக் குண்டம் நெருங்கும்போது, தீ மிதிக்க நேர்ந்துகொண்டவர்கள் கையில் காப்புக் கட்டி விரதம் இருக்கிறார்கள். அந்தக் கயிறு படியும் மணிக்கட்டில்தான், கட்டைவிரல் பக்கமாக, செல்போனே கதியாக இருக்கும் பிள்ளைகளுக்கு வலி தொடங்குகிறது.

கட்டைவிரலை விரிக்கவும் நிமிர்த்தவும் உதவும் இரண்டு தசைநாண்கள் மணிக்கட்டில் ஒரே குறுகிய உறைக்குள் ஓடுகின்றன. ஒரே அசைவு ஓயாமல் நடந்தால் உறை தடித்து, நாண்கள் உரசும். சுவிஸ் அறுவை மருத்துவர் பிரிட்ஸ் டி குவெர்வான் 1895இலேயே இதை விவரித்தார். நோய்க்கும் அவர் பெயர்தான். கட்டைவிரலை உள்ளே மடக்கி முஷ்டி பிடித்து, கையைச் சுண்டுவிரல் பக்கம் சாய்த்தால் சுரீரென்று இழுக்கும். மாணவர்களிடையே நடந்த பல ஆய்வுகள் மிகையான செல்போன் பயன்பாட்டோடு இந்த வலியைத் தொடர்புபடுத்தியுள்ளன.

பனியன் கம்பெனியில் ஓவர்லாக் ஓட்டுகிறவருக்கும் பிசிர் வெட்டுகிறவருக்கும் கைவலி பழகியதுதான். ஆனால் அந்தக் கை எதற்காக அசைகிறது என்று கேட்டால் பதில் உண்டு: பீஸ் ரேட், சனிக்கிழமைச் சம்பளம். இரண்டு மணி நேரம் திரையைத் தள்ளிய பிள்ளையிடம் எதைத் தேடினாய் என்று கேட்டால் விழிக்கும். விரல் தானாகத் தள்ளியது, அவ்வளவுதான்.

தானாக நகர்ந்த விரலின் செயல் யாருடைய வினை?

இது பழைய வழக்கு. எண்ணமே வினை என்றார் புத்தர். எண்ணவில்லை என்று சொல்லித் தப்ப முடியாது, கவனம் தவறியதே குற்றம் என்றது சமணம். கொங்கில் அந்தச் சமயம் செழித்திருந்ததற்குச் சாட்சியாக, பெருமாநல்லூரிலிருந்து பெருந்துறை போகும் வழியில் விஜயமங்கலத்துச் சந்திரப்பிரபர் கோயில் இன்றும் நிற்கிறது.

சமணத்தின் பதில் கண்டிப்பானது. செல்போன் விஷயத்தில் அது பாதிதான் பொருந்துகிறது, ஏனென்றால் கவனம் தவறும்படியே திரை அமைக்கப்பட்டிருக்கிறது. பக்கம் முடிகிற இடத்தில் கை சற்று நிற்கும். அந்த முடிவையே எடுத்துவிட்டார்கள். முடிவின்றி உருளும் திரையை 2006இல் உருவாக்கிய அசா ராஸ்கின் பின்னாளில் அதற்காக வெளிப்படையாகவே வருந்தினார். ஆக, எண்ணம் இருந்தது வடிவமைத்தவர்களிடம். புத்தர் சொன்னபடி பார்த்தால் வினையின் பெரும்பங்கு அவர்கள் கணக்கில்தான் ஏற வேண்டும்.

அதற்காகப் பிள்ளைக்குப் பொறுப்பே இல்லை என்றாகாது. காப்புக் கட்டியவர் தமக்குத் தாமே, ஊரறிய, நாள் குறித்து எல்லை வைத்துக்கொள்கிறார். செல்போனுக்கும் அப்படியோர் எல்லையை வீடே சேர்ந்து வைக்கலாம். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் யார் கையிலும் போன் இல்லை என்றால், ஷிப்ட் முடிந்து வரும் அப்பா அம்மாவுக்கும் அது பொருந்த வேண்டும். வலி வந்துவிட்டாலோ, தைலத்தோடு நாள் கடத்தாமல் எலும்பு மூட்டு மருத்துவரிடம் காட்டுவது நல்லது. தொடக்கத்தில் பெரும்பாலும் ஓய்வும் மணிக்கட்டுப் பட்டையும் போதும். முற்றினால் ஊசி, சிலருக்கு அறுவை சிகிச்சை.