வட்டமிடும் நேரம் யாருடையது?

கோடம்பாக்கத்துப் படப்பிடிப்பு நிலையங்களிலே புராணப் படங்கள் மலிந்திருந்த காலம் ஒன்று உண்டு. அரிதாரம் பூசிய வீரன் வில்லை வளைப்பான். அம்பு விண்ணிலே பறக்கும், நிற்கும், திரும்பும், பகைவனைத் தேடிச் சென்று தைக்கும். கொட்டகை அதிரக் கைதட்டல் எழும்! அம்பைத் தாங்கியது மந்திரமல்ல. மெல்லிய கம்பி, ஒளிப்பதிவாளரின் தந்திரம். "கட்" என்று இயக்குநர் குரல் கொடுத்ததும், மாண்டவன் எழுந்து தூசியைத் தட்டிவிட்டுத் தேநீர் அருந்தப் போவான்.

இன்று கம்பியின்றியே பறக்கிறது அந்த அம்பு. "கண்டீர்களா, எங்கள் அஸ்திரங்களை!" என்று மார்தட்டுவோர் உளர். அவர்கள் 'நிர்பய்' ஏவுகணையின் வரலாற்றைச் சற்றே படிக்கட்டும். பெங்களூரிலுள்ள அரசு ஆய்வுக்கூடம் வகுத்தமைத்த கருவி அது. 2013 மார்ச் 12 அன்று ஒடிசாவின் சாந்திப்பூர்க் கடற்கரையில் முதன்முதலாக ஏவினர், வழி தவறிற்று. நடுவழியிலேயே அதன் பயணத்தை முடித்துவைத்தனர். 2014 அக்டோபரில் வெற்றி. 2015-இலும் 2016-இலும் மீண்டும் தோல்வி. 2017 நவம்பரில் மீண்டும் வெற்றி. மந்திரக்காரன் தோற்றால் கேட்டவனின் பாவத்தின்மீது பழி போடுவான். பொறியாளனோ தன் கணக்கைத் திருத்துவான். பகுத்தறிவின் பாதை அதுவன்றோ?

உந்துகலம் அதை மேலே தூக்கிவிட்டுக் கழன்று விழுகிறது. சிறகுகள் விரிகின்றன, விமான எஞ்சின் போன்றதொரு எஞ்சின் இயங்குகிறது. ஒலியினும் குறைந்த வேகத்தில், ராடாரின் கண்ணுக்குத் தப்பித் தாழப் பறந்து, 1000 கிலோமீட்டர்வரை செல்லவல்லது. உடனே பாயாமல் வானில் சுற்றிவரும் ஆற்றலும் அதற்கு உண்டு என்கின்றனர். இஸ்ரேல் நாட்டின் 'ஹாரோப்' அந்த வித்தையையே தொழிலாகக் கொண்டது. மணிக்கணக்கில் பருந்துபோல் வட்டமிடும். இரை தென்பட்டதும் தானே குண்டாகிப் பாயும். அதற்கு மூத்த 'ஹார்ப்பி'யோ, பகைவரின் ராடார் எழுப்பும் அலையைத் தானே மோப்பம் பிடித்துச் சென்று மோதும்.

நம் சென்னையும் குண்டுவீச்சைக் கண்ட நகரமே. 1914 செப்டம்பர் 22 இரவு, 'எம்டன்' என்னும் ஜெர்மானியக் கப்பல் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்தது. பீரங்கி வாயைவிட்டுப் புறப்பட்ட குண்டு, சுட்டவனே மனம் மாறினாலும் திரும்பாது. வட்டமிடும் ஏவுகணையின் தன்மை வேறு. ஏவியபின்னும் அது நேரம் தருகிறது. அந்த நேரம் யாருடையது? நான் எழுப்பும் வினா இதுதான்.

அது மனிதனுடையதாயின், அவன் மறுமுறை பார்க்கலாம். கீழே தெரிவது படைவண்டியா, பால் வண்டியா என்று ஆராயலாம், நிறுத்தவும் செய்யலாம். 2013-இல் வழி தவறிய 'நிர்பய்'யைத் தடுத்தது மனிதனின் முடிவே. அந்த நேரத்தை இயந்திரத்திடம் ஒப்படைத்துவிட்டால்? கொலை நடக்கும், கொன்றவன் இருக்கமாட்டான்! தளபதி கருவியைக் காட்டுவான். கருவி செய்தவன் தளபதியைக் காட்டுவான். "எல்லாம் விதி" என்று ஏழையின் துயருக்குப் பெயர் சூட்டியவர்களை எதிர்த்து நின்றோமே, தோழர்களே! "எல்லாம் இயந்திரம்" என்ற புதிய விதியை மட்டும் வணங்கலாமா? கல்லுக்குப் பதில் கம்பிச் சுருள் வைத்தால் மூடநம்பிக்கை அறிவாகிவிடுமா?

"இயந்திரத்துக்குச் சினமில்லை, பழிவாங்கும் எண்ணமில்லை; மனிதனினும் அது மேல்" என்பார் சிலர். சினம் இல்லை, மெய்தான். இரக்கமும் இல்லையே! 'நிர்பய்' என்றால் அச்சமற்றது என்று பொருள். கருவிக்கு அச்சமில்லை, அண்ணாந்து பார்க்கும் தாய்க்கு உண்டு. பருந்து வட்டமிடும்போது குஞ்சுகளை இறக்கைக்குள் அணைக்கும் கோழியின் நெஞ்சு அவளுடையது.

"பகைவன் வைத்திருக்கையில் நாம் கைகட்டி நிற்பதா?" என்ற கேள்வியும் எழும். நாட்டைக் காக்கும் உரிமையை நான் மறுக்கவில்லை. 2020-இல் நகோர்னோ-கராபாக் போரிலும், 2025 மே மாதத்தில் இந்திய-பாகிஸ்தான் மோதலிலும் ஆளில்லாக் கருவிகள் பறந்ததை உலகம் கண்டது. கருவி வந்துவிட்டது, அதைக் கண்ணை மூடி ஒழிக்கமுடியாது. ஆயினும் ஆயுதம் ஏந்தும் உரிமைக்குள் பொறுப்பைத் துறக்கும் உரிமை அடங்கவில்லை. எவ்வளவு தொலைவு செல்லும் என்று கேட்டு வியக்கும் இளைஞனே, இன்னும் மூன்று கேள்விகளையும் கேள்: கட்டளை யாருடையது? நிறுத்தும் கை யாருடையது? தவறு நேர்ந்தால் மக்கள்முன் நிற்பவர் யார்? விடை கிடைக்கும்வரை கேட்டுக்கொண்டே இரு.

கோடம்பாக்கத்து அம்புக்கு "கட்" சொல்ல ஒருவர் இருந்தார். இந்த அம்புக்கும் ஒருவர் இருந்தாக வேண்டும். ஏனெனில் இங்கே மாண்டவர் எழுவதில்லை.