பழங்காசுக்குத் தரச்சான்று தேவையா?

பெங்களூரு மண்ணில் ரோமானியக் காசு கிடைத்தது என்றால் பலர் நம்புவதில்லை. 1891இல் யஷ்வந்தபுரத்தில் 163 வெள்ளிக் காசுகள் கிடைத்தன, 1965இல் எச்.ஏ.எல். விமான நிலையத்தை ஒட்டி 256. பெரும்பாலானவை அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்துத் தினாரியஸ்கள். இந்த நகரத்தில் பழங்காசு சேர்ப்பவர்கள் இன்றும் நிறையப் பேர். அவர்களிடையே இப்போது அடிக்கடி எழும் கேள்வி இது: கையிலிருக்கும் நல்ல காசை அமெரிக்க நிறுவனத்துக்கு அனுப்பி, தரம் போட்டு, பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து வாங்கிக்கொள்ளலாமா?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நூறாண்டு கடந்த காசென்றால் வேண்டாம். சட்டம் இடம் தராது என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், தென்னிந்தியப் பழங்காசின் அருமை எதில் இருக்கிறதோ அதைத் தரச்சான்று அளப்பதே இல்லை.

காசுக்குத் தரம் போடும் முறை அமெரிக்காவில் வளர்ந்தது. அங்குள்ள பழைய செப்புக் காசுகளுக்காக 1949இல் வில்லியம் ஷெல்டன் வகுத்த 1 முதல் 70 வரையான அளவுகோல்தான் அதற்கு அடிப்படை. தரம் போடும் நிறுவனங்களான பிசிஜிஎஸ் 1986இலும் என்ஜிசி 1987இலும் தொடங்கப்பட்டன. இயந்திரத்தில் அடித்த காசுக்கு இந்த முறை நன்றாகவே பொருந்தும். ஒரே மாதிரி லட்சக்கணக்கில் வெளிவந்த காசுகளில் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் தேய்மானம்தான். கையால் சுத்தியல் கொண்டு அடித்த காசு அப்படியல்ல. அச்சு நடுவில் விழாமல் விலகியிருக்கும், தகடு ஒரு பக்கம் தடித்திருக்கும், அரசன் பெயரில் பாதி விளிம்புக்கு வெளியே போயிருக்கும். அதனால் 2008இல் பழங்காசுகளுக்கெனத் தனிப் பிரிவு தொடங்கிய என்ஜிசி, அங்கே 70 புள்ளிக் கணக்கை வைத்துக்கொள்ளவில்லை. தேய்மானத்துக்குச் சொல்லால் ஒரு தரம், அச்சு விழுந்த விதத்துக்கு ஐந்துக்கு இத்தனை, மேற்பரப்புக்கு ஐந்துக்கு இத்தனை என்று மூன்றாகப் பிரித்தது.

இங்கே பலர் கவனிக்காத ஒன்று உண்டு. உண்மையான காசு என்று நம்பினால் மட்டுமே தரம் போடுவோம் என்று சொல்லும் அந்தப் பிரிவு, பழங்காசு அசல்தான் என்பதற்கோ, இன்ன அரசனுடையது என்பதற்கோ உத்தரவாதம் தருவதில்லை. நம்மவர்கள் பணம் கட்டி வாங்க நினைப்பது அந்த உத்தரவாதத்தைத்தான்.

இனி சட்டம். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டம் நூறாண்டுக்குக் குறையாத எந்தக் காசையும் தொல்பொருள் என்கிறது. அதை நாட்டுக்கு வெளியே அனுப்ப மத்திய அரசுக்கும் அது அதிகாரம் அளித்த அமைப்புக்கும் மட்டுமே உரிமை உண்டு. மீறினால் ஆறு மாதத்துக்குக் குறையாத சிறை, மூன்றாண்டு வரை நீளலாம், அபராதமும் உண்டு. ‘திரும்பி வரத்தானே போகிறது’ என்ற வாதம் எடுபடாது. இந்த நூறாண்டுக் கோடு ஆண்டுதோறும் நகர்ந்துகொண்டே வருகிறது. ஐந்தாம் ஜார்ஜ் அணிந்த அங்கியில் இருந்த யானை பன்றிபோலத் தெரிந்ததால் எதிர்ப்பைக் கிளப்பிய 1911 ரூபாயும் இப்போது தொல்பொருள்தான். வீட்டுக்கு அடித்தளம் தோண்டும்போது காசு கிடைத்தால் கதையே வேறு. கர்நாடகத்தில் 1962ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இருக்கிறது. முதலில் மாவட்ட நிர்வாகத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும்.

சரி, சட்டமே தடுக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் நான் தயங்குவேன்.

1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் 501 ரோமானியத் தங்கக் காசுகள் கிடைத்தன. அவற்றில் பெரும்பாலானவற்றில் பேரரசரின் தலைக்குக் குறுக்கே உளியால் வெட்டிய ஆழமான கோடு இருக்கிறது. செல்லாக்காசாக்க வெட்டினார்களா, வேறு காரணமா என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. ஆனால் அந்த வெட்டு, காசு ரோமிலிருந்து கடல் கடந்து இங்கே வந்தபின் ஒருவர் கையால் விழுந்தது என்பதில் பலருக்கும் ஐயமில்லை. தரம் போடுபவருக்கோ அது சேதம். மதிப்பெண்ணைக் குறைத்தாக வேண்டும். எனக்கு அந்தக் கோடுதான் காசின் உயிர். அது இல்லாத காசு ஐரோப்பாவில் எங்கும் கிடைக்கும்.

எடையும் இப்படித்தான். கி.பி. 64இல் நீரோ தினாரியஸின் எடையையும் வெள்ளியின் தூய்மையையும் குறைத்தான். இந்தியாவில் கிடைக்கும் தினாரியஸ்களில் பெரும்பாலானவை அதற்கு முந்தையவை. நம் வணிகர்கள் காசின் அழகைப் பார்த்து வாங்கவில்லை, வெள்ளியைப் பார்த்து வாங்கினார்கள். இதே ரகங்களைப் பார்த்து இங்கேயே செய்த போலிக் காசுகளும் உண்டு. அவையும் பழையவை, ஆய்வுக்கு அருமையானவை. ரோமானிய அசலா, உள்ளூர் நகலா, செம்புக்கு மேல் வெள்ளி பூசியதா என்று தெரிய எடை போட வேண்டும், விளிம்பை விரலால் திருப்பிப் பார்க்க வேண்டும். பெட்டிக்குள் போன காசில் உடைக்காமல் இரண்டையும் சரியாகச் செய்ய முடியாது.

தமிழ்க் காசுகளில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி 1980களில் கண்டறிந்த பெருவழுதி காசைப் பாருங்கள். சிறிய செப்புக் காசு, அழகுப் போட்டியில் எங்கும் நிற்காது. அதன்மேல் தமிழ்-பிராமியில் ஒரு பாண்டியனின் பெயர் இருந்ததுதான் சங்ககால அரசர்கள் காசு வெளியிட்டார்கள் என்ற கருத்தையே உறுதிப்படுத்தியது. கரூர் அமராவதி ஆற்றில் கிடைத்த மாக்கோதை, குட்டுவன் கோதை என்ற சேர அரசர்களின் வெள்ளிக் காசுகளுக்கும் இதே நியாயம்தான். அரை எழுத்து கூடுதலாகத் தெரிந்தால் தேய்ந்த காசும் பளபளப்பான காசைவிட மேல்.

செலவுக் கணக்கு சுருக்கமானது. ராஜராஜன் பெயருள்ள செப்புக் காசு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். கட்டணமும் போக்குவரத்தும் காப்பீடும் அதைப் போலப் பல மடங்கு ஆகும்.

அப்படியானால் எந்தக் காசுக்குத் தரச்சான்று வாங்கலாம்? 1939 ஆண்டு பொறித்த ஆறாம் ஜார்ஜ் ரூபாய்க்கு வாங்கலாம். மிக அரிது, அதனால் வேறு ஆண்டின் எண்ணைத் திருத்திச் செய்த போலிகள் ஏராளம். நூறாண்டு ஆகவில்லை என்பதால் தொல்பொருள் சட்டமும் குறுக்கே வராது. இயந்திரக் காசு என்பதால் 70 புள்ளிக் கணக்கும் பொருந்தும். சிங்கப்பூரிலோ லண்டனிலோ இருக்கும் தமிழர் அங்கேயே முறையாக வாங்கிய பழங்காசை விற்க நினைத்தால், அங்குள்ள சந்தைக்கு அந்தப் பெட்டி உதவலாம்.

பெங்களூருவில் இருப்பவர் அந்தப் பணத்தில் 0.01 கிராம் காட்டும் தராசும் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸும் வாங்கட்டும். அரை கிராம் கூட வராத மைசூர்த் தங்கக் காசான கண்டீரவ பணத்துக்கு இவை இரண்டும் இல்லாமல் போலியைப் பிரிக்கவே முடியாது. விளிம்பில் இரு பாதிகளை ஒட்டிய கோடு ஓடுகிறதா, பரப்பில் ஊசிமுனைக் குழிகள் இருக்கின்றனவா, எழுத்தின் ஓரம் கூர்மையில்லாமல் மழுங்கிக் கிடக்கிறதா என்று பாருங்கள். மூன்றும் வார்ப்புப் போலியின் அடையாளம். புளி போட்டுத் தேய்க்கவே வேண்டாம். நூற்றாண்டுகளாகப் படிந்த பச்சை ஒருமுறை போனால் திரும்ப வராது. உரிமம் பெற்ற வணிகரிடமே வாங்கி, ரசீதைக் காசோடு வையுங்கள். கூடவே ஒரு தாளில் வாங்கிய நாள், எடை, விட்டம் மூன்றையும் எழுதி, இரு பக்கப் படத்தோடு விளிம்புப் படத்தையும் சேருங்கள். கரூர் ஆற்றில் கிடைத்தது என்று விற்பவர் சொன்னால் அதையும் எழுதுங்கள், அவர் சொன்னது என்றே குறித்து.