ஒரு கயிற்றின் இரு நுனிகள்

காற்றில் கலந்துள்ள நீராவியும் கரியமில வாயுவும் பூமியிலிருந்து மேலெழும் வெப்பத்தை உட்கொண்டு தடுத்து நிறுத்தும் இயல்புடையவை என்பதை, 1859ஆம் ஆண்டில் லண்டனிலுள்ள ராயல் இன்ஸ்டிடியூஷனின் பரிசோதனைச் சாலையில் அளந்து காட்டத் தொடங்கிய ஜான் டிண்டால் என்னும் அயர்லாந்து விஞ்ஞானி, அதற்கு இரண்டாண்டுகளுக்குப் பின் ஆல்ப்ஸ் மலைத்தொடரில் அதுவரை மனிதக் காலடி படாதிருந்த வைஸ்ஹார்ன் சிகரத்தின் உச்சியில் முதன்முதலாக ஏறி நின்றவரும் ஆவார். அவர் மலைக்குப் போனது முக்கியமாகப் பனியாறுகள் எவ்வாறு நகர்கின்றன என்று ஆராய்வதற்காக. ஆனால் போன இடத்தில் ஏறும் ஆசை அவரைப் பற்றிக்கொண்டது. அமெரிக்காவின் சியரா நெவாடா மலைகளில் 14,000 அடிக்கு மேற்பட்ட ஒரு சிகரத்தை 1864இல் முதலில் ஏறிய கிளாரன்ஸ் கிங் என்ற நில ஆராய்ச்சியாளர், அதற்கு டிண்டாலின் பெயரையே சூட்டினார்.

இந்தப் பழைய விருத்தாந்தத்தை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. பருவநிலை மாறுவதைப் பற்றியும், நாட்டுக்கு வேண்டிய மின்சாரத்தை எந்த வழியில் உற்பத்தி செய்வது என்பதைப் பற்றியும் அபிப்பிராயம் சொல்லும் பாத்தியதை நிபுணர்களுக்கும் மந்திரிகளுக்குமே உரியது, பாறையில் தொற்றிப் பொழுது போக்குகிறவர்களுக்கு அந்த விவகாரத்தில் என்ன வேலை என்று கேட்கிறவர்கள் பலர். அந்தக் கேள்வியில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆயினும் மலையேறிகள் தங்களுக்குள் நடத்தும் இத்தகைய வாதங்களில், நம் சபைகளிலும் பத்திரிகைகளிலும் காணக் கிடைக்காத ஒரு குணம் உண்டு என்று நான் நம்புகிறேன். அந்தக் குணம் எது, அது எவ்வளவு தூரம் நம்மைக் காப்பாற்றும் என்பதே என் விசாரம்.

கலிபோர்னியாவில் பெர்க்லி நகரத்தில் வசிக்கும் என் தமக்கையின் மகன், ஒரு மாலை என்னை கிராக்மாண்ட் பாறைக்கு அழைத்துச் சென்றான். குடியிருப்பு வீடுகளுக்கு நடுவே திடீரென்று எழும் பாறை அது. அதன் மேலிருந்து பார்த்தால் சான் பிரான்சிஸ்கோ வளைகுடா முழுவதும் கண்ணுக்கு அடங்கும். உச்சியிலே கட்டிய கயிற்றின் ஒரு நுனியை இடுப்பில் பிணைத்துக்கொண்டு ஒரு வாலிபன் மேலே ஏறிக்கொண்டிருந்தான்; மறு நுனியைப் பிடித்தபடி ஒரு பெண் கீழே நின்றாள். சுற்றிலும் நாலைந்து பேர் புல்லில் உட்கார்ந்து, ஒருவனுடைய கிழிந்த காலணியைப் பரிகாசம் செய்தும், இரவு எங்கே சாப்பிடுவது என்று தர்க்கித்தும் பொழுதைக் கழித்துக்கொண்டிருந்தார்கள். இந்தக் கலகலப்புக்கு நடுவில்தான், பசிபிக் கரையிலுள்ள டயாப்ளோ கான்யன் அணுமின் நிலையத்தைப் பற்றிய பேச்சு எழுந்தது. அந்த நிலையத்தை 2025க்குள் மூடிவிடுவதென்று 2016இல் ஓர் உடன்பாடு ஏற்பட்டிருந்தது. 2022இல் மாநில சட்டசபை அதை மாற்றி 2030 வரை நடத்த அனுமதித்தது. மாநிலத்தின் மின்சாரத்தில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவானது அந்த ஒரே இடத்திலிருந்து வருகிறது. அது நின்றால் அந்த இடத்தை இயற்கை எரிவாயுப் புகைதான் நிரப்பும் என்று மேலே தொங்கியவன் வாதித்தான். பூகம்பப் பிளவுக்குப் பக்கத்தில் அணு உலையை வைத்துக்கொண்டு, அதன் கழிவைப் போட்டு வைக்க நிரந்தரமான இடமும் இல்லாமல், அதைச் சுத்தமான சக்தி என்று எப்படி அழைப்பது என்று கயிறு பிடித்தவள் உரக்கக் கேட்டாள். கேட்டுக்கொண்டிருக்கும்போதே, தன் வாக்கியத்தை நடுவில் நிறுத்தி, “உன் இடது முழங்காலுக்குக் கீழே ஒரு பிடிப்பு இருக்கிறது, அதில் காலை வை” என்றாள். அவன் வைத்தான். பின்பு அவள் விட்ட இடத்திலிருந்து வாதத்தைத் தொடர்ந்தாள்.

“மாமா, இவர்கள் வாராவாரம் இப்படித்தான்” என்று என் மருமகன் சிரித்தான். எனக்கு அது அற்ப விஷயமாகப் படவில்லை.

எந்த மனிதனுடைய அபிப்பிராயத்தை ஒருத்தி முழு மனத்தோடு எதிர்க்கிறாளோ, அவனுடைய சரீர பாரத்தையே அந்தக் கணத்தில் அவள் தாங்கி நிற்கிறாள். அவன் தவறான கட்சியைப் பேசுகிறான் என்பதற்காகக் கயிற்றைத் தளர்த்தும் எண்ணம் அவளுக்குக் கனவிலும் தோன்றாது. நாமோ, நம்மோடு மாறுபடுகிறவன் எப்படி வாழ்கிறான், எதற்கு அஞ்சுகிறான் என்று ஒன்றும் அறியாமலே, அவனுடைய கருத்தை மட்டும் தனியே பிரித்தெடுத்து அடிக்கிறோம். பரிகாசத்துக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. கிழிந்த காலணியைப் பற்றிய கேலியும் சாப்பாட்டைப் பற்றிய தர்க்கமும், எதிரே இருப்பவன் ஒரு கட்சியின் பிரதிநிதி மாத்திரமல்ல, பசியும் களைப்பும் உள்ள ஒரு தோழன் என்பதை ஓயாமல் நினைவூட்டிக்கொண்டே இருக்கின்றன.

ஆனால் சிநேகம் மட்டும் இருந்துவிட்டால் வாதங்கள் நல்லபடி முடியும் என்று சொல்லிவிட முடியாது. அதற்குச் சாட்சி அதே கிராக்மாண்ட் பாறைதான். 1932இல் அந்தப் பாறையின் பெயரையே தங்கள் சிறு சங்கத்துக்கு வைத்துக்கொண்டு சில வாலிபர்கள் ஏறப் பழகினார்கள். அவர்களுக்குத் தலைவராக விளங்கியவர் ரிச்சர்ட் லியோனார்டு. விழுகிறவனைக் கயிறு பிடிப்பவன் வெடுக்கென்று இழுத்து நிறுத்தினால் கயிறு அறுந்து போகலாம், சிறிது சிறிதாக வழுக்கவிட்டு நிறுத்தவேண்டும் என்று கண்டு, வேண்டுமென்றே பாறையிலிருந்து விழுந்து விழுந்து அந்த வித்தையை அவர்கள் அப்பியாசம் செய்தார்கள். அந்தக் கூட்டத்தில் சேர்ந்தவர் டேவிட் பிரவர். இருவரும் சேர்ந்து ஏறினார்கள். 1935இல் கனடாவின் வாடிங்டன் சிகரத்தை முயன்று உச்சியை எட்டாமல் திரும்பிய குழுவிலும் இருவரும் இருந்தார்கள். ஜான் மியூர் 1892இல் நிறுவிய சியரா கிளப் என்னும் ஸ்தாபனத்தின் நிர்வாகத்தில் பிற்காலத்தில் இருவரும் முக்கியஸ்தர்கள் ஆனார்கள்.

அந்த ஸ்தாபனத்துக்கு ஒரு பழைய காயம் உண்டு. யோசெமிட்டி பூங்காவுக்குள்ளிருந்த ஹெட்ச் ஹெட்சி பள்ளத்தாக்கை சான் பிரான்சிஸ்கோ நகரத்தின் தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் அணைகட்டி மூழ்கடிக்க 1913இல் சட்டம் நிறைவேறியது. அதை எதிர்த்துப் போராடித் தோற்ற மியூர் அடுத்த ஆண்டே காலமானார். எனவே 1950களில் எக்கோ பார்க் என்னும் இடத்தில் அணை வரப்போகிறது என்றபோது பிரவர் பாராளுமன்றக் குழுவின் முன் நின்று, அரசாங்கப் பொறியாளர்கள் நீர் ஆவியாகும் அளவைக் கணக்கிட்டதில் இருந்த பிழையைப் பள்ளிக்கூடக் கணக்கைக் கொண்டே எடுத்துக் காட்டினார். அந்த அணைத் திட்டம் கைவிடப்பட்டது. ஆனால் அதே ஏற்பாட்டின் கீழ் கிளென் கான்யனில் அணை எழுந்தது. அதைத் தடுக்காமல் விட்டதைப் பற்றி அவர் ஆயுள் முழுவதும் மனம் வருந்தினார். 1960களில் கிராண்ட் கான்யனை அணைகளிலிருந்து காக்க எழுந்த போராட்டத்தில் அவர் பக்கம் ஜெயித்தது. அணைகள் தரவிருந்த மின்சாரம் மட்டும் வேறெங்கிருந்தாவது வந்தாகவேண்டியிருந்தது. கொலராடோ நதியின் நீரை அரிசோனா மாநிலத்து நகரங்களுக்கு மேலேற்றுவதற்காக, பேஜ் என்னும் ஊருக்கருகில், நவஹோ என்னும் பூர்வகுடி மக்களின் நிலத்தில், 2,250 மெகாவாட் திறனுள்ள நிலக்கரி மின்நிலையம் 1970களில் எழுந்தது. பள்ளத்தாக்கு பிழைத்தது, அந்நிலத்தின் ஆகாயம் புகையால் நிறைந்தது.

நான் கவனித்தவரை, சக்தியைப் பற்றிய வாதங்களில் ஒன்றை வேண்டாம் என்பவர்களிடம், அதற்குப் பதிலாக எது வரும் என்ற கேள்வி உரிய நேரத்தில் பெரும்பாலும் கேட்கப்படுவதில்லை. வில் சிரி அந்தக் கேள்வியைக் கேட்டவர். உடலியல் ஆராய்ச்சியில் ஈடுபட்ட விஞ்ஞானியான அவர், 1954இல் மகாலு சிகரத்துக்குச் சென்ற கலிபோர்னியக் குழுவின் தலைவராகவும், 1963இல் எவரெஸ்டில் ஏறிய அமெரிக்கக் குழுவின் துணைத் தலைவராகவும் இருந்து, பின்னர் சியரா கிளப்பின் தலைமையையும் ஏற்றவர். அழகிய நதிகளை அணைகளிலிருந்தும் ஆகாயத்தை நிலக்கரியிலிருந்தும் காப்பாற்ற அணுசக்தியே உபாயம் என்று அவர் நம்பினார். நிபோமோ மணற்குன்றுகளை விட்டுவிட்டு டயாப்ளோ கான்யனில் உலை கட்டிக்கொள்ளலாம் என்று மின்சாரக் கம்பெனியோடு ஸ்தாபனம் 1966இல் இணங்கியதில் அவருக்கு முக்கியப் பங்கு இருந்தது. பிரவரும் ஒரு காலத்தில் அணைகளுக்குப் பதிலாக அணுசக்தியை வரவேற்றவரே. ஆனால் அவர் மனம் மாறியிருந்தது. மலிவாக, முடிவில்லாமல் கிடைக்கும் சக்தி மனிதனுடைய தேவைகளைப் பெருக்கிக்கொண்டே போகும், அந்தப் பெருக்கத்தையே முதலில் கேள்வி கேட்கவேண்டும் என்பது அவர் கட்சி. அங்கத்தினர்கள் 1967இல் வாக்களித்தபோது பெரும்பான்மை சிரியின் பக்கம் நின்றது. பணக் கணக்கும் அதிகார வரம்பும் பற்றிய சச்சரவுகளும் சேர்ந்துகொள்ள, 1969 தேர்தலில் பிரவரின் கட்சி தோற்று, அவர் பதவியை விட்டு விலகினார். அவரை எதிர்த்து நின்றவர்களுள் புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸும் இருந்தார். பழைய தோழர் லியோனார்டும் இருந்தார்.

யாருடைய கட்சி சரி என்று கேட்டால், நான் தயங்காமல் ஒரு பதில் சொல்லமாட்டேன். உலைக்கு இடம் தேர்ந்தெடுத்த பிறகே, கடலுக்கடியில் சில மைல் தூரத்தில் ஹோஸ்க்ரி என்னும் பூகம்பப் பிளவு இருப்பது தெரியவந்தது. பிரவரின் அச்சத்துக்கு அது பலம் சேர்த்தது. கரியமில வாயுவே பெரிய அபாயம் என்று உலகம் உணர்ந்த பின்னர், சிரியின் கணக்குக்கும் பலம் கூடியது. இன்றைய நிலையில், ஓடிக்கொண்டிருக்கும் உலையை அவசரமாக நிறுத்திவிட்டு எரிவாயுவை எரிப்பது விவேகமாகாது என்றே எனக்குத் தோன்றுகிறது. அதைவிடவும் திடமாக நான் நம்புவது, எவ்வளவு மின்சாரம் நமக்குப் போதும் என்ற பிரவரின் கேள்விக்கு இன்னும் எவரும் பதில் சொல்லவில்லை என்பதை.

மலையேறிக்கு ஒரு விசேஷ அனுகூலம் உண்டென்று சொல்லப்படுகிறது: அவன் மாறுதலைப் பிரத்தியட்சமாகக் காண்கிறான். உண்மைதான். யோசெமிட்டியின் மிகப் பெரிய பனியாறான லையல் நகர்வதையே நிறுத்திவிட்டது என்று 2013இல் அறிவித்தார்கள். 2020 செப்டம்பரில் காட்டுத்தீயின் புகையால் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவின் மேல் பகலே செம்மஞ்சளாகி இருண்டது. அன்று மாலை கிராக்மாண்டில் நான் கண்ட இளைஞர்கள் அதைக் கண்ணால் கண்டவர்கள். அதைச் சொல்லும்போது மட்டும் அவர்களுடைய சிரிப்பு அடங்கிற்று. ஆனால் உலையைப் பற்றி வாதித்த இருவரும் ஒரே புகையைக் கண்டுவிட்டு எதிரெதிர் முடிவுகளுக்கு வந்திருந்தார்கள். பனி உருகுவதைக் காட்டும் கண், அணையா, உலையா, சூரியத் தகடா என்று சொல்வதில்லை.

இங்கேதான் கயிற்றைப் பற்றிய என் சிந்தனை ஒரு முட்டுக்கட்டையில் போய் நின்றது. கயிற்றில் பிணைந்தவர்களுக்குள் விசுவாசம் வளர்வதற்குக் காரணம், ஒருவன் செய்யும் பிழை மற்றவனைத் தொடாமல் போகாது என்பது. மின்சாரக் கொள்கையிலோ, தீர்மானிப்பவன் ஓரிடத்தில் இருக்கிறான். பாரம் விழுவது வேறொருவன் தலையில். 1939இல் பிரவர், பெஸ்டர் ராபின்சன், ராஃபி பெடாயன், ஜான் டயர் என்ற நால்வர் நியூ மெக்ஸிகோவின் சமவெளியில் 1,500 அடிக்கு மேல் ஓங்கி நிற்கும் ஷிப்ராக் என்னும் பாறையை முதன்முதலாக ஏறினார்கள். அது நவஹோ மக்களுக்குப் புனிதமான மலை. 1970 முதல் அங்கே ஏறத் தடை விதிக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பாறை இருக்கும் பிரதேசத்திலேயே, நவஹோ நிலத்தில், 1963இல் ஃபோர் கார்னர்ஸ் நிலக்கரி மின்நிலையம் இயங்கத் தொடங்கி, தூரத்து நகரங்களுக்கு வெளிச்சம் அனுப்பியது. அந்த மின்கம்பிகளின் கீழேயே எத்தனையோ நவஹோ குடும்பங்கள் மின்சாரமில்லாமல் வாழ்ந்தன. பள்ளத்தாக்கைக் காக்கவேண்டும் என்றவர்களும், நகரத்துக்குத் தண்ணீர் வேண்டும் என்றவர்களும், தத்தம் பக்கத்தில் உண்மையாகவே உழைத்தார்கள். இரண்டு கட்சிகளின் கயிற்றிலும் அந்தக் குடும்பங்கள் பிணைக்கப்பட்டிருக்கவில்லை.

எனவே தோழமையோடு வாதிப்பது மேலானது என்று சொல்லி நான் திருப்தி அடைய முடியாது. தோழர்கள் எப்போதும் தோழர்களுக்குள்ளேயே பேசிக்கொள்கிறார்கள். அந்தப் பெண் வாதத்தை நடுவில் நிறுத்திக் கால் வைக்கும் இடத்தைச் சொன்னது, அவன் அவளுடைய கண்ணெதிரே தொங்கியதனால். கண்ணெதிரே தொங்காதவனுக்காகவும் அப்படி வாக்கியத்தை நிறுத்தத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? டயாப்ளோ கான்யனைச் சுற்றியுள்ள நிலம் தங்கள் முன்னோருடையது, அதைத் திருப்பித் தரவேண்டும் என்று அப்பகுதியின் பூர்வகுடிகளான சுமாஷ் மக்கள் கேட்கிறார்கள். அன்று மாலை உலையை ஆதரித்தவனும் எதிர்த்தவளும் அவர்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேச வேண்டும் என்று எனக்கும் அப்போது தோன்றவில்லை.

பேஜ் அருகிலிருந்த நிலக்கரி நிலையம் 2019 நவம்பரில் நின்றது. பருவநிலையைப் பற்றிக் கவலைப்பட்டவர்கள் மகிழ்ந்தார்கள். நானும் அதை நல்ல செய்தி என்றே எண்ணுகிறேன். ஆனால் அந்த நிலையத்திலும் அதற்குக் கரி தந்த சுரங்கத்திலும் வேலை இழந்தவர்களுள் பெரும்பாலோர் நவஹோ, ஹோபி பூர்வகுடி மக்கள். அவர்களுடைய பூர்வகுடி அரசுகள் வருமானத்தில் கணிசமான பகுதியையும் இழந்தன. அதே ஆண்டில், அமெரிக்காவின் பல ஊர்களின் மின்வாரியங்களிலிருந்து கம்பி இழுக்கும் தொழிலாளர்கள் நவஹோ நிலத்துக்கு வந்து, அங்குள்ள மின்வாரியத்தாரோடு சேர்ந்து, கம்பம் நட்டு, மைல் கணக்கில் ஒன்றுக்கொன்று தள்ளியிருக்கும் வீடுகளுக்குக் கம்பி கொண்டுபோய், 200க்கும் மேற்பட்ட வீடுகளில் முதன்முறையாக விளக்கேற்றினார்கள். அதற்குப் பின்னும் அவர்கள் வந்தார்கள். ஆயிரக்கணக்கான வீடுகள் இன்னும் காத்திருக்கின்றன.